பின் சீட்டு இல்லாத வண்டி

ஹபிபுல்லா பாய் வருகிறார் என்பது வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். சிதம்பரம் புறவழிச் சாலையிலிருந்து எங்கள் கொட்டகைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு எஞ்சின் கதறும். அங்கிருந்து வாசல்வரை முதல் கியரிலேயே இழுத்துக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் தேவசகாயம் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "மாத்துங்க பாய், மாத்துங்க பாய்" என்று தனக்குள்ளே கெஞ்சுவார். பாய் மாற்றமாட்டார். வந்து நின்று, இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னா தேவா, சத்தம் நல்லாருக்குல்ல?" என்பார்.

கொட்டகையில் எஞ்சின் வேலை என் வீட்டுக்காரருடையது. சீட்டு தைக்கும் வேலை என்னுடையது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வருகிறவர்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. தையல் மெஷின் ஓடும்போது அங்கே ஒருத்தி இருப்பதையே ஆட்கள் மறந்துவிடுவார்கள். அதனால் அவர்கள் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும்.

பாய்க்குப் பரங்கிப்பேட்டை. வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் ஏழு வண்டிகள். அதில் மூன்று, அந்த வீட்டு மகனுடைய ஸ்போர்ட்ஸ் கார்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பெரிய வண்டியில் ஏற்றி இறக்குவது பாயின் வேலை. அந்த மூன்றையும் தினம் கழுவித் துடைத்து, வெயில் வந்தால் நிழலுக்கு நகர்த்தி வைப்பதும் அவர் வேலைதான். நிழலிலிருந்து வாசலுக்கு நாற்பதடி. வாசலிலிருந்து நிழலுக்கு நாற்பதடி. கேட்டைத் தாண்டக் கூடாது.

"இருவத்திரெண்டு வருஷம், தங்கச்சி" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். "மொதல் கியரும் ரிவர்ஸும்தான். ரெண்டாவது கியரு போட்டா அது எப்படி பாயும்னு எனக்குத் தெரியாது. கழுவுறப்ப கதவத் தட்டிக் குடுத்துக் கேப்பேன், எப்படிம்மா இருக்கும்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் புதுச்சேரியில் ஒரு பழைய வண்டி வாங்கினார். சிவப்பு நிறம். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, அவ்வளவுதான். கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். உயரம் என் இடுப்புக்கு வரும். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஆசைப்பட்டுச் சில வண்டிகள் செய்து, அதிகம் விலைபோகாததால் நிறுத்திவிட்டார்களாம். பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார்தான். மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரு சாதாரணச் சின்னக் காரின் எஞ்சின். புவனகிரி பாலத்தில் ஏறும்போது ஒரு ஷேர் ஆட்டோ இவரைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆட்டோவில் பின்பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் கையாட்டினார்களாம். அன்றைக்கு நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தவர்தான்.

"தேவா, இதுக்கு உசுரு பத்தல" என்றார்.

தேவசகாயம் வண்டிக்கு அடியில் படுத்து, அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். "எஞ்சினு மாத்தலாம் பாய். நெய்வேலில ஒரு வண்டி பின்னாடி அடி வாங்கி நிக்கிது. முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. இதவிட ஒன்ற மடங்கு பெரிய எஞ்சினு. ஆனா அத மட்டும் தூக்கி வச்சா ஆவாது. கியர் பாக்ஸு, கிளட்ச்சு, ரேடியேட்டரு, எல்லாம் கூடவே வரணும். எல்லாத்துக்கும் மேல பிரேக்கு. ஓடுறத விட நிக்கிறதுதான் முக்கியம். ஆர்டிஓ ஆபீஸ்ல மொதல்ல அனுமதி வாங்கணும். மூணு மாசம் ஆவும்."

பாய் அங்கேயே ஃபோனை எடுத்து மச்சினனுக்குப் போட்டார். மச்சினன் யாசர், பாயின் மனைவி ரஹ்மத் பீவியின் தம்பி. மலேசியாவில் கடை வைத்திருக்கிறார். கார் விஷயத்தில் அவர் சொல்லுக்குப் பாய் மதிப்புக் கொடுப்பார். ஸ்பீக்கரில் யாசரின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"மச்சான், நீங்க வாங்கி வச்சிருக்கறது ஆட்டுக்குட்டி. அதுக்குக் குதிரக் கால வச்சித் தைக்கப் போறீங்களா?"

"தேவா செய்வாரு. கைகாரரு."

"செய்வாருதான். ஆனா கம்பெனில பொறந்த வேகம் வேற, கொட்டகைல ஊட்டுற வேகம் வேற. எஞ்சின மாத்துனா பிரேக்கம்பீங்க. பிரேக்க மாத்துனா டயரம்பீங்க. அப்புறம் பழைய வண்டில சிவப்புப் பெயின்ட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதக் குடுத்துட்டு ஒழுங்கா வேகமான வண்டி ஒண்ணு வாங்குங்க. நானே புடிச்சித் தர்றேன்."

பாய் ஃபோனை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்பக்க விளக்கில் ஒட்டியிருந்த பூச்சியை நகத்தால் சுரண்டினார். "அவன் சொல்றதும் சரிதான்" என்றார். பிறகு, "நீ நெய்வேலிக்குப் போயிப் பாரு தேவா" என்றார்.

வேலை நடந்த மூன்று மாதமும் பாய் வாரத்துக்கு நாலு நாள் பஸ் ஏறி வந்துவிடுவார். பழைய எஞ்சினை இறக்கிய அன்று அதன் மேல் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நல்லாத்தான் ஒழச்சிச்சி பாவம்" என்றார்.

சீட்டு அளவு கொடுக்க ஒருநாள் ரஹ்மத் அக்கா வந்தார். உருவத்தில் சின்னவர், கணீரென்ற குரல். இந்த வண்டியைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும், "ஆட்டோவே தேவலாம், அதுல நிமிந்தாவது ஒக்காரலாம்" என்று சொல்லுவாராம். அன்றைக்கு ஆண்கள் இருவரும் வெளியே ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வெறும் சட்டத்தில் உட்கார்ந்து முன்னால் எட்டிப் பார்த்தார்.

"மலரு, எனக்கு மட்டும் மெத்த கொஞ்சம் ஒசரமா வையேன். ரோடே தெரியல."

"எவ்ளோ ஒசரம்க்கா?"

"நாலு விரக்கட." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒனக்குத் தெரியுமா, கல்யாணமாயி முப்பத்தோரு வருஷத்துல நானும் அவரும் மட்டும் எங்கயும் போனதில்ல. ஏர்போர்ட்டுக்கு அனுப்பப் போனா வேன்ல பதினோரு பேரு. கூட்டியாரப் போனாலும் பதினோரு பேரு. எங்க தெருவுல ஒரு வண்டி கௌம்பக் கூடாது. 'கடலூரா? நாங்களும் வர்றோம்'னு ஏறிக்குவாங்க. எடம் வச்சிக்கிட்டு எப்படி இல்லங்கறது? வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி ஒருநா இவரு இந்த வண்டில என்ன ஏத்துனப்ப, எங்க மூத்த லாத்தா, அதான் எங்க பெரியக்கா, ஓடி வந்துச்சி. சுத்திச் சுத்திப் பாத்துச்சி. பின்னாடி கதவத் தேடிட்டு, போயிட்டு வாங்கன்னு சொல்லிடிச்சி."

அதைச் சொல்லும்போது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பரீட்சையில் தேறிய பெண்பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"பாய்க்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்படிச் சொல்றது? சொந்தக்காரங்க வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடாது?" என்று இறங்கிவிட்டார். வெளியே போனதும், "இந்த வண்டில ஏறி எறங்குனா இடுப்பு ஒடஞ்சிடும்" என்று பாயைத் திட்டுவது கேட்டது. நான் நாலு விரற்கடை உயரம் வைத்துத் தைத்தேன்.

பங்குனியில் வேலை முடிந்தது. ஆர்டிஓ ஆபீசிலிருந்து வந்து பார்த்து ஆர்சி புத்தகத்தில் புது எஞ்சின் நம்பரை ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. புகைக்குழாய் முன்பைவிடத் தடிமன், தரைக்கும் பக்கம். அதற்குக் கீழே சூடு தாங்கும் தகடு ஒன்று அடிக்க வேண்டும். சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

முதல் ஓட்டத்துக்குத் தேவசகாயமும் கூடப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "நான் சொல்லிக்கிட்டே வந்தேன். ரெண்டு போடுங்க பாய், மூணு போடுங்க பாய்ன்னு. நாலு போட்டப்ப மனுஷன் யா அல்லான்னு கத்துனாரு பாரு, எதுத்தாப்ல வந்த லாரிக்காரன் ஒதுங்கிட்டான்." பாயோ வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் யாசர் விடுமுறையில் வந்தார். புதுச்சேரியில் ஒரு நண்பரிடமிருந்து நீலக் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்க வாங்கி வந்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. நண்பர் அதைக் கொடுத்துவிட்டு, சிவப்பு வண்டியையும் மேலே ஒரு தொகையையும் வாங்கிக்கொள்ளத் தயார். பழைய அபூர்வ வண்டிகள் சேர்ப்பவராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

சனிக்கிழமை பாய் அந்த நீல வண்டியைப் புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். வழக்கமான சத்தம் இல்லாததால் வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டார்.

"எப்படி பாய்?" என்றார் தேவசகாயம்.

"அது வேற ஒலகம் தேவா. கால வச்சா போதும். நம்ம முதுக யாரோ புடிச்சித் தள்ளுறாங்க." பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒன் வேலைல கொறையே இல்ல. நீ ஊட்டுன வேகமும் நல்ல வேகந்தான். ஆனா குவைத்துல நான் கழுவுனது அந்த ஜாதி. அது என்னான்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிச்சி."

தேவசகாயம் தலையாட்டினார். மூன்று மாத உழைப்பு. ஆனாலும் பாய் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியும். "புடிச்சிருந்தா மாத்திக்கிங்க பாய். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றார்.

என் வாயில் வார்த்தை வந்து நின்றது. அக்கா என்னிடம் நம்பிச் சொன்னது. நான் சொல்வது சரியில்லை. மெஷினை மிதித்தேன்.

யாசர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவது. போகும்போது பாயும் ரஹ்மத் அக்காவும் சிவப்பில், வரும்போது நீலத்தில். அதன் பிறகு முடிவு. "தகடு அடிக்காம தூரம் போவாதீங்க பாய்" என்று தேவசகாயம் சொல்லிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை யாசர் மலேசியா திரும்புகிறார், காத்திருக்க முடியாது என்று பாய் சொல்லிவிட்டார்.

அன்று காலை நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னார். நீல வண்டி தெருவில் வந்து நின்றதும் யாசரின் மனைவி ஷாசியா மகளோடு முன்னால் ஏறினாள். பின் சீட்டில் மூத்த லாத்தா, கடையில் மாற்ற வேண்டிய துணிப் பையோடு. அவர் பக்கத்தில் எதிர்வீட்டு அமீனா, கடலூர் முதுநகரில் இருக்கும் தன் தமக்கையைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று. அமீனாவின் மாமியார், வீட்டில் தனியாக என்ன செய்வது என்று. கடைசியில் ஒரு டப்பா இறால் பொடி. சிவப்பு வண்டியில் பாயும் அக்காவும் மட்டும்.

நான்குவழிச் சாலையில் நீல வண்டி ஒரே இழுப்பில் மறைந்துவிட்டது. பாய் அதைத் துரத்தவில்லை. புதுச்சத்திரம் தாண்டி, அக்கா இளநீர் கேட்டார் என்று பக்கத்துக் கிராமத்துச் சாலையில் இறங்கியிருக்கிறார். அங்கே ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் உளுந்து அறுப்புக் காலத்தில் இது வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி இறங்கினால் காய் வெடித்துப் பருப்பு உதிரும். தடியால் அடிக்கிற வேலை மிச்சம். வண்டிக்காரர்களும் ஒதுங்காமல் அதன் மேலேயே ஓட்டிக்கொடுப்பார்கள். ஒதுங்கிப் போகிறவனைத்தான் திட்டுவார்கள்.

பாய் ஓட்டிக்கொடுத்தார். அமிர்தம் என்ற அம்மாள் முறத்தோடு நின்றுகொண்டு, "பாயி, சக்கரம் நல்லா அகலமா இருக்கு. இன்னொருவாட்டி ஓட்டிக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றிருக்கிறார்.

"அதுக்கென்ன" என்று பாய் ரிவர்ஸ் எடுத்தார். திரும்ப முன்னால். திரும்ப ரிவர்ஸ். இரண்டாம் நடை, மூன்றாம் நடை. தாழ்வான வண்டி. காய்ந்த செடி அடியில் சுருண்டு, கொதிக்கிற குழாயில் சுற்றிக்கொண்டது. அக்காவின் காலடியிலிருந்து புகை வந்தது.

"என்னாங்க, புகையுது!"

"எறங்கு, எறங்கு, தூரப் போ!"

அமிர்தம் குடத்தோடு ஓடி வந்தார். பாய் தடுத்தார். "தண்ணி ஊத்தாதீங்க, கொழா வெடிச்சிரும். மண்ண அள்ளிப் போடுங்க." பெண்கள் நாலு பேர் முறத்தில் மண்ணை வாரி வீசினார்கள். பாய் குப்புறப் படுத்து ஒரு கழியால் செடியை இழுத்து இழுத்து வெளியே போட்டார். அணைந்துவிட்டது. அடியில் வண்டியின் ஃபைபர் பாடி விளிம்பு ஒரு சாண் கருகியதோடு சரி. பிறகு எங்களுக்கு ஃபோன் வந்தது.

நானும் தேவசகாயமும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து இளநீர் வழுக்கை தின்றுகொண்டிருந்தார்கள். பாயின் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். அக்கா தன் முந்தானையால் அவர் காதோரக் கரியைத் துடைத்துக்கொண்டே, "ஒருவாட்டி ஓட்டுனா பத்தாதா? இதுல தாராளம் வேற" என்று ஏசினார். பாய் குழந்தை மாதிரித் தலையைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

தேவசகாயம் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீல வண்டியும் திரும்பி வந்தது. செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலை வாடைக்குக் கண்ணாடியை ஏற்றும்போதுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று கவனித்தார்களாம். யாசர் இறங்கி வந்து கருகிய விளிம்பைப் பார்த்தார்.

"இன்னும் என்னா மச்சான் யோசன? வண்டியே புகையப் போட்டுக் காமிச்சிடுச்சி. சாவியக் குடுங்க. தேவா அண்ணே சரி பண்ணுனதும் நானே புதுச்சேரிக்கு ஓட்டிட்டுப் போயி மாத்திட்டு வந்துடுறேன்."

பாய் எழுந்து நின்றார். சிவப்பு வண்டியை ஒருமுறை பார்த்தார். நீல வண்டியை ஒருமுறை பார்த்தார். சாவியைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

"சாவிய உள்ள வைங்க" என்றார் ரஹ்மத் அக்கா.

"இல்ல ரஹ்மத், அவன் சொல்றதும்…"

"எனக்கு அந்த வண்டி வேணாம்."

"ஏன் லாத்தா? ஒரு தடவ ஒக்காந்து பாரு, மெத்துனு இருக்கும்" என்றார் யாசர்.

"மெத்துனு இருக்கும்டா. அதுல பின் சீட்டு இருக்கு."

"அதான வசதி!"

"அதான் வேணாங்கறேன்."

யாசருக்குப் புரியவில்லை. பாய்க்கும் முதலில் புரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் திரும்பி, உளுந்து மேட்டைப் பார்ப்பதுபோல நின்றார். பாய் மெல்ல நீல வண்டியைப் பார்த்தார். மூன்று தலைகள் பின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியே நின்றவரின் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. சாவியைப் பைக்குள் போட்டார்.

"யாசரு, ஒன் கூட்டாளிட்ட மன்னிச்சிக்கச் சொல்லு. நான் இதையே வச்சிக்கிறேன்."

"மச்சான், அதோட வேகம்…"

"வேகந்தான். இல்லங்கல. நேத்து நான் ஓட்டிப் பாத்துட்டேன்ல? அது போதும்."

நீல வண்டியிலிருந்து மூத்த லாத்தா கழுத்தை நீட்டினார். "என்னாவாம்? என்னா சொல்றா அவ?"

"ஒண்ணுமில்ல லாத்தா" என்று பாய் குரல் கொடுத்தார். "அவளுக்குக் கொஞ்சம் காத்து வேணுமாம்."

யாசர் இரண்டு கையையும் விரித்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். துணிக்கடை பன்னிரண்டு மணிக்குள் போனால்தான் மாற்றிக் கொடுப்பார்களாம். மூத்த லாத்தா அவசரப்படுத்தினார்.

தேவசகாயம் மீதிச் செடியைக் கிள்ளி எடுத்து, ஒரு பழைய தகரத்தை மடித்துக் கம்பியால் கட்டினார். "கடலூரு வரைக்கும் தாங்கும் பாய். உளுந்து மேல மட்டும் ஏத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர்கள் புறப்பட்டார்கள். நாங்கள் பைக்கில் ஏறிச் சாலை முகப்பு வரை பின்னால் போனோம். நான்குவழிச் சாலை வெறிச்சென்று கிடந்தது. கூரையில்லாத வண்டியில் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒன்று வெள்ளைத் தொப்பி, ஒன்று கறுப்பு முக்காடு. பின்னால் வந்த கடலூர் பஸ் ஹாரன் அடித்து, மூச்சு வாங்கி, அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது.

தேவசகாயம் பைக்கை நிறுத்தித் தலையில் கைவைத்துக்கொண்டார். "எத்தன மாசம் வேல பாத்தேன் மலரு. நாப்பதுல போறாரு பாரு மனுஷன்."

"போவட்டும் விடுங்க" என்றேன்.